அண்ணன் நிறுத்திய இடம்

நகுமோ வீட்டு அண்ணனும் தம்பியும் பத்து வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். மூத்தவன் யசுஹருவுக்குப் பகல் வேலை. பனிக்காலத்தில் தண்ணீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கும் குழாய்கள் நகஓகா நகரத்துத் தெருக்களுக்கு அடியில் ஓடுகின்றன. அவற்றைத் தோண்டிப் பழுது பார்க்கும் கம்பெனியில் இருந்தான். இளையவன் ஷிகெகிக்கு அரிசி பிஸ்கட் தொழிற்சாலையில் ராத்திரி வேலை. ஓடும் பட்டையில் வரும் உடைசலைப் பொறுக்கி எறிய வேண்டும். கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் படிக்கப் போய் இரண்டாம் வருஷத்தில் நின்றுவிட்டவன் அவன். ஏன் நின்றாய் என்று அண்ணன் ஒரு தடவையும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து ஷிகெகியை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் அண்ணன் வீடு திரும்புவான். காலையில் ஷிகெகி வரும்போது அண்ணன் கிளம்பியிருப்பான். அடுப்பில் சூப் லேசான சூட்டோடு இருக்கும். போனில் பேசிக்கொள்ளும் பழக்கம் இருவருக்கும் கிடையாது. பேச்செல்லாம் டி.வி.க்குக் கீழே இருந்த ரெக்கார்டர் வழியாகத்தான்.

அதற்கு ஒரு முறை இருந்தது. பகலிலும் சாயங்காலத்திலும் வரும் நிகழ்ச்சிகளை ரெக்கார்டர் தானாகப் பதிவு செய்யும். அண்ணன் குளித்துவிட்டு ஒரு பீரைத் திறந்துகொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பான். குப்பையை அங்கேயே அழித்துவிடுவான். நல்லதாக இருந்தால் பூட்டுப் போடுவான். பட்டியலில் அந்த நிகழ்ச்சியின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டின் படம் விழும். டிஸ்க் நிரம்பும்போது ரெக்கார்டர் பழையதைத் தானாக அழிக்கும், பூட்டியதை மட்டும் தொடாது. ஒரு நிகழ்ச்சியில் ஒரே ஓர் இடம்தான் நன்றாக இருக்கிறது என்றால், அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திவிட்டுப் படுக்கப் போவான். காலையில் ஷிகெகி சாப்பாட்டோடு உட்கார்ந்து 'விட்ட இடத்திலிருந்து' என்ற பொத்தானை அழுத்தினால் போதும்.

ஆரம்பத்தில் அவனுக்கு இது புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன்தான் எரிச்சலாகச் சொன்னான்.

"ஏன்டா எல்லாத்தையும் மொதல்லேர்ந்து பாக்குற? மெனக்கெட்டு நிறுத்தி வச்சிருக்கேன்ல, அங்கேர்ந்து பாரு. அதுக்கு முன்னாடி இருக்குறதெல்லாம் வெட்டிப் பேச்சு. நான் பாத்துத் தொலைச்சுட்டேன், நீயும் ஏன் தொலைக்கணும்?"

அதன் பிறகு அப்படித்தான் பார்த்தான். சில நாள் ஒன்றும் புரியாது. அப்போது ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்து கேட்பான்.

"அண்ணே, வியாழக்கிழமை ரயில் சுரங்கத்துக்குள்ள நிறுத்தி வச்சிருந்தியே. ஒரே இருட்டு. அதுல என்னத்தப் பாக்கச் சொன்ன?"

"அதுவா? அது நான் தூங்கிட்டேன்டா."

"நானும் ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன்!"

"ரெண்டு தடவயா? படிச்ச புள்ளைல்ல, அதான்," என்று சிரித்துவிட்டு அண்ணன் முதுகைச் சொறிந்துகொள்வான்.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை யசுஹரு வேலைக் கூடத்தில் ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தபடியே விழுந்தான். மருத்துவமனைக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. எரித்த எலும்புகளைப் பானையில் போட்டு வெள்ளைத் துணி சுற்றிக் கொடுத்தார்கள். ஊர் மலைச்சரிவில் இருக்கும் குடும்பக் கல்லறை டிசம்பரில் பனிக்குள் போய்விடும். அதற்கு முன்னால் புதைத்திருக்கலாம், ஷிகெகி போகவில்லை. வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கோயிலில் சொல்லிவிட்டான். பானை டி.வி.க்குப் பக்கத்து அலமாரியில் இருந்தது.

ரெக்கார்டருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்குத் தினமும் பதிவு செய்துகொண்டே இருந்தது. சமையல், வினாடி வினா, வெந்நீர் ஊற்று விடுதிகள், துப்பறியும் நாடகங்களின் மறு ஒளிபரப்பு. அழிப்பதற்கு ஆள் இல்லாததால் பட்டியல் நீண்டது. அதன் நடுவில், அண்ணன் செத்ததற்கு முந்தின சாயங்காலம் பதிவான நிகழ்ச்சி ஒன்று இருந்தது. ஒரு தீவுக்குப் படகில் போகும் பயண நிகழ்ச்சி. பக்கத்தில் பூட்டு இல்லை. ஆனால் பாதி பார்த்ததற்கு அடையாளமான அரைவட்டம் இருந்தது. அண்ணன் எங்கேயோ நிறுத்தியிருக்கிறான். ஷிகெகி அதை மட்டும் திறக்கவில்லை. திறந்து பார்த்தால் அதன் பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

நவம்பர் மாதம் ரெக்கார்டர் சத்தம் போட ஆரம்பித்தது. நகத்தால் தகரத்தைச் சுண்டுகிற மாதிரி உள்ளே ஒரு சத்தம். பிறகு படம் கட்டம் கட்டமாக உறைந்து நிற்கும். அணைத்துவிட்டு ஆறவிட்டால் மறுபடி ஓடும். வெளியே இணைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கில் கோளாறு இல்லை. சாகக் கிடந்தது ரெக்கார்டர்தான்.

வேலை முடிந்து உடை மாற்றும் அறையில் இதைத் தகிசாவா அக்காவிடம் சொன்னான். அவள் பக்கத்துப் பட்டையில் நிற்கிறவள். ஐம்பதைத் தாண்டியவள். வாய் மூடாது.

"உங்க அண்ணன் போனப்புறமும் அது தானா புடிச்சுக்கிட்டே இருக்கா?" என்றாள், தலைக்கு மாட்டியிருந்த வலைத் தொப்பியைக் கழற்றியபடி. "சம்பளம் இல்லாம ஓவர்டைம் பாக்குதே! மேனேஜருக்குத் தெரிஞ்சா நம்மள வீட்டுக்கு அனுப்பிட்டு அதத் தூக்கிட்டு வந்துருவான்."

"வெளையாடாதீங்க அக்கா. அது செத்துருச்சுன்னா உள்ள இருக்குறதெல்லாம் போயிரும்."

"ஏன் போவுது? டிஸ்க்கு தனியாத்தான இருக்கு? இப்ப சோப்புக் கட்டி அளவுல ஒரு பெட்டி விக்கிறான்ப்பா. எந்த டிஸ்க்க சொருவுனாலும் படம் காட்டும். என் மருமகன் வச்சிருக்கான். அவனுக்கே ஓட்டத் தெரியுது, ஒனக்கென்ன?"

அன்று காலையே பைபாஸ் ஓரத்துப் பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடை திறக்கும்வரை வாசலில் நின்று அந்தச் சோப்புக் கட்டியை வாங்கினான். வீட்டுக்கு வந்து டிஸ்க்கைப் பழைய ரெக்கார்டரிலிருந்து பிடுங்கி அதில் சொருகினான். டி.வி.யில் நீல நிறத்தில் ஒரு பெட்டி வந்தது. இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை. முழுவதும் அழித்துப் புதிதாகப் பதிவு செய்யவா? கீழே ஆம், இல்லை. வெளிச்சம் 'ஆம்' மேலேயே நின்றது.

ராத்திரி முழுக்க நின்ற கால். கட்டைவிரல் ஏற்கெனவே பொத்தானின் மேல் இருந்தது. இந்த மாதிரிக் கேள்விகளுக்கெல்லாம் படிக்காமலே 'ஆம்' போட்டுப் பழகியவன்தான். 'அழித்து' என்ற சொல் மட்டும் எப்படியோ கண்ணில் பட்டது. ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டுப் பெட்டியின் மின்கம்பியைச் சுவரிலிருந்தே உருவினான்.

மறுநாள் சோப்புக் கட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனான். ரெக்கார்டர் பகுதியில் ஹொஷினா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த விற்பனையாளர் இருந்தார். நரைத்த மீசை. ஷிகெகி சொல்லி முடிப்பதற்குள்ளேயே தலையை ஆட்டினார்.

"டி.வி.லேர்ந்து புடிச்சதுதான சார்? அப்ப இதுல ஓடாது. எதுலயும் ஓடாது. எந்த மெஷின் புடிச்சுதோ அந்த மெஷின்லதான் ஓடும். அந்த டிஸ்க்குக்கு அந்த ஒரு மெஷினத்தான் தெரியும்."

"அதே கம்பெனி மெஷின் புதுசா வாங்கிச் சொருவுனா?"

"அதே கம்பெனி, அதே மாடல் வாங்குனாக்கூட வேற மெஷின்தான் சார். டிஸ்க்குக்கு அதோட மொகம் தெரியாது."

"இப்படி ஒரு கூத்தா?"

"நாடகத்த யாரும் திருடிறக் கூடாதுன்னு வச்சிருக்காங்க. வாரத்துக்கு ரெண்டு பேராவது வந்து எங்கிட்ட சத்தம் போடுவாங்க. நீங்க பரவால்ல."

ஷிகெகிக்குச் சத்தம் போடத் தோன்றவில்லை. வரிசையாக அடுக்கியிருந்த கறுப்புப் பெட்டிகளைப் பார்த்தான். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

"வேற வழியே இல்லியா?"

"ஒண்ணு இருக்கு. பழைய மெஷின் இன்னும் ஓடுதா?"

"சூடானா நின்னுருது."

"ஓடுறவரைக்கும் சரி. அதே கம்பெனியோட இந்த மாடல எடுத்துக்குங்க. ரெண்டையும் ஒரு கேபிள்ல கோத்துட்டா பழசு புதுசுக்கு ஒவ்வொண்ணா அனுப்பும். வீடு மாத்துற மாதிரி. அனுப்புனது பழசுல இருக்காது. ஒரு மணி நேர நாடகம் போறதுக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். நடுவுல பழசு செத்தா, போய்க்கிட்டிருக்குறது ரெண்டுலயும் இல்லாமப் போயிரும். அதனால முக்கியமானத மொதல்ல அனுப்பிருங்க. அப்புறம் பூட்டு ஏதாவது போட்டிருக்கீங்களா?"

"இருக்கு. நெறைய."

"பூட்டுனது நகராது. ஒவ்வொண்ணா பூட்ட எடுத்துட்டுத்தான் அனுப்பணும்."

"புதுசுல போய் பூட்டு இருக்குமா?"

"இருக்காது. நீங்களே மறுபடி போட்டுக்கலாம்."

"நான் போட்டா அது நான் போட்டதா ஆயிருமே."

ஹொஷினா அவனை ஒரு நொடி பார்த்தார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, "யார் போட்டாலும் மெஷினுக்கு ஒண்ணுதான் சார்," என்றார். அவர் சொன்னது சரிதான். சோப்புக் கட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு அந்த மாடலைக் கொடுத்தார்.

வீட்டில் டிஸ்க்கைப் பழையதிலேயே திரும்பச் சொருகி, இரண்டு ரெக்கார்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேபிளால் கோத்தான். சூடாகாமல் இருக்க ஜன்னலைத் திறந்து பழையதை அதன் கீழே தள்ளினான். வெளியே அந்த வருஷத்தின் முதல் கனத்த பனி விழுந்துகொண்டிருந்தது. தெருவில் குழாய்கள் பீய்ச்சிய தண்ணீர் துருப்பிடித்த சிவப்பில் ஓடியது. ஷிகெகி கம்பளிக் கோட்டோடு தரையில் உட்கார்ந்தான். வாயிலிருந்து புகை வந்தது.

முக்கியமானதை முதலில் அனுப்பச் சொல்லியிருந்தார் ஹொஷினா. அவனுக்குக் கை வரவில்லை. நடுவில் செத்தால் போய்க்கொண்டிருப்பது போய்விடும். அதனால் சோதனைக்கு, அவனே போன மாதம் பாதியில் விட்டுத் தூங்கிப்போன ஒரு வினாடி வினாவை அனுப்பினான். பழையது இரண்டு முறை தகரத்தைச் சுண்டியது, நிற்கவில்லை. புதியதில் அந்தப் பெயர் வந்து விழுந்தது. அதைத் திறந்து 'விட்ட இடத்திலிருந்து' பொத்தானைத் தேடினான்.

பொத்தான் இல்லை. முதலிலிருந்து ஓடியது. பக்கத்தில் 'பார்க்காதது' என்று குறி இருந்தது.

கடைக்குப் போன் செய்தான். ஹொஷினா வந்து பேச நேரமாயிற்று.

"பாதி பாத்தத அனுப்புனா, நிறுத்துன எடம் போயிருமா?"

"ஆமா சார், அந்தக் குறியெல்லாம் புதுசுக்கு வராது. படம் மட்டுந்தான் போகும். ஓட்டி விட்டுப் புடிச்சுக்கலாமே?"

"எந்த எடம்னு தெரிஞ்சாத்தான புடிக்க முடியும்."

"நீங்க பாத்ததுதான சார்?"

"இல்ல," என்றான் ஷிகெகி. "சரி, வச்சுர்றேன்."

வேலை இல்லாத நேரமெல்லாம் அந்த வாரம் அனுப்புவதிலேயே போனது. பூட்டிய நிகழ்ச்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டான். ஒவ்வொன்றுக்கும் மெஷின் கேட்டது. பூட்டை நீக்கவா? ஆம். பூட்டின் படம் மறையும், பிறகு நிகழ்ச்சி நகரும், பிறகு பட்டியலில் அந்த வரியே இருக்காது. போகப் போக அண்ணன் எதையெல்லாம் பூட்டியிருக்கிறான் என்று வரிசையாகத் தெரிந்தது. பனிப்பாறை உருகிய பள்ளத்தாக்கு. கிணறு தோண்டுகிறவர்கள். எரிமலைக்குப் பக்கத்தில் வெங்காயம் பயிரிடும் கிழவன். கடல் உணவுக் கடைகள், ஏராளமாக. மண்ணும் பாறையும் தம்பிக்கு, கணவாயும் நண்டும் தனக்கு. சில சமயம் இரண்டும் சேர்ந்து வரும் நிகழ்ச்சி கிடைத்தால் அதை இரண்டு தடவை பார்த்திருப்பான்.

புதிய மெஷினில் எல்லாவற்றுக்கும் ஷிகெகி மறுபடி பூட்டுப் போட்டான். போடாவிட்டால் அது என்றாவது தானே அழித்துவிடும். பூட்டின் படம் அதேதான். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது.

"என்னாச்சுப்பா, மாத்துனியா?" என்று கேட்டாள் தகிசாவா அக்கா, சனிக்கிழமை காலை உடை மாற்றும் அறையில்.

"ஒண்ணு மட்டும் பாக்கி."

"அதையும் தள்ளிவிட்டுட்டு நிம்மதியா தூங்க வேண்டியதுதான? கண்ணப் பாரு, வேகாத பிஸ்கட்டு மாதிரி வெளுத்துக் கெடக்கு."

"தள்ளுனா படம் இருக்கும். எங்க நிறுத்துனான்னு தெரியாது. தள்ளலைன்னா ஒரு தடவ அங்கேர்ந்து பாக்கலாம். அதுக்குள்ள மெஷின் செத்தா படமும் கெடையாது."

அவள் காலணியை மாட்டுவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். அவள் யோசித்து அவன் பார்த்ததில்லை.

"என்ன நிகழ்ச்சி?"

"யாரோ தீவுக்குப் போறாங்க."

"அதுக்கா இந்தப் பாடு?" என்றாள். பிறகு, "எனக்கு மருமகன் மட்டுந்தான்ப்பா. எங்கிட்டக் கேக்காத," என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து சூடாக இருந்த ஒரு காபி டப்பாவை எடுத்து அவன் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஷிகெகி பகலில் எழுந்து சோறு வடித்தான். ஒரு சின்னக் கிண்ணம் பானைக்கு முன்னால் வைத்தான். ஜன்னலைத் திறந்தான். பழைய ரெக்கார்டரைப் போட்டான். பட்டியலில் தீவு நிகழ்ச்சியின் மேல் வெளிச்சத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சாப்பிட்டு முடித்தான். அனுப்புவதற்கான கேபிளும் கோத்தபடியே இருந்தது. இரண்டில் எதை வேண்டுமானாலும் அழுத்தலாம்.

'விட்ட இடத்திலிருந்து' அழுத்தினான்.

ஒரு படகுத்துறை. ஒரு பெண் கணவாய்களைக் கிழித்துக் கம்பியில் உலரப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் யாரோடும் பேசவில்லை. காலடியில் இரண்டு பூனைகள். பின்னால் ஒரு செங்குத்துப் பாறை. எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது பென்சில்களைக் கட்டி நிறுத்தியது மாதிரி வெடிக்குமே, அந்த வகை. முதல் வருஷப் பாடத்திலேயே வரும். பிறகு நிகழ்ச்சியை நடத்தும் நகைச்சுவைக்காரர்கள் இருவரும் படத்துக்குள் ஓடி வந்து பூனையைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். அதன் பிறகு விளம்பரம்.

அவ்வளவுதான்.

ஷிகெகி கொஞ்சம் பின்னால் ஓட்டினான். படகில் வாந்தியெடுப்பதைப் பற்றிய ஜோக். முன்னால் ஓட்டினான். விளம்பரம் முடிந்து விடுதியில் பாய் விரிக்கிறார்கள். மறுபடி படகுத்துறைக்கு வந்தான். பாறையைப் பார்க்கச் சொன்னானா? கணவாயைப் பார்த்து நாக்கில் எச்சில் ஊறி நிறுத்தினானா? பூனையா? அண்ணனுக்குப் பூனை பிடிக்குமா என்று அவனுக்குத் தெரியாது. கேட்டதில்லை. இல்லை, அன்றைக்கு ஏதாவது குழியில் இறங்கி வேலை செய்துவிட்டு வந்து, பீர் பாதியில் இருக்கும்போதே கண் செருகிக் கையில் இருந்த பொத்தானை அழுத்திவிட்டானா? அடுத்த நாள் காலை விழப்போகிற உடம்பு. அலுத்துத்தான் இருந்திருக்கும்.

"தூங்கிட்டியா?" என்று கேட்டான். சத்தமாகவே வந்துவிட்டது. சோற்றுக் கிண்ணத்திலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் தடவை ஓட்டும்போது ரெக்கார்டர் சுண்டியது. பெண்ணின் கை கணவாயின் மேல் நின்றது. பாறை கட்டம் கட்டமாகச் சிதறியது. பூனைகள் மட்டும் கொஞ்ச நேரம் முழுதாக இருந்தன, பிறகு அவையும் போய்த் திரை கறுத்தது. அணைத்து ஆறவிட்டான். போட்டான். மறுபடி ஆறவிட்டான். முன்பக்கத்து விளக்குகூட எரியவில்லை. ஜன்னலைச் சாத்தினான்.

எல்லாவற்றையும் மாற்றியிருந்தால் ஒரு தீவு நிகழ்ச்சி கையில் இருந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பான் என்று யோசித்துப் பார்த்தான். எந்த இடம், எந்த இடம் என்று ஆயுசுக்கும் ஓட்டிக்கொண்டிருந்திருப்பான். இப்போது இடம் தெரியும். காரணம் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவன் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகப் பானைக்குள் இருந்தான்.

திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும் முன் புதிய ரெக்கார்டரை எடுத்துவைத்து, பழையது பதிவு செய்துகொண்டிருந்த நிகழ்ச்சிகளை எல்லாம் ஒவ்வொன்றாக அதில் குறித்தான். வேறு எதைக் குறிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கீழே பஸ் ஹாரன் அடித்தது.

செவ்வாய்க்கிழமை காலை வந்தபோது அடுப்பு குளிர்ந்து கிடந்தது. சூப்பைத் தானே சுட வைத்தான். பட்டியலில் முந்தின சாயங்காலத்து நிகழ்ச்சிகள் எல்லாம் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் 'பார்க்காதது'. முதலில் இருந்ததைத் திறந்தான். மலைக்கீரைகளின் விலையை யார் சரியாகச் சொல்கிறார்கள் என்று பெரிய பெரிய ஆட்கள் பந்தயம் கட்டிக் கத்தினார்கள். தவறாகச் சொன்னவன் தலையில் மாவு கொட்டியது. மறுபடி கத்தினார்கள். அண்ணனாக இருந்தால் முதல் விளம்பரத்திலேயே அழித்திருப்பான். இத்தனை வருஷம் இப்படி எத்தனை மாவைத் தனியாக உட்கார்ந்து பார்த்துத் தொலைத்தானோ.

ஷிகெகி கடைசி வரை பார்த்தான். எங்காவது ஓர் இடம் இருக்குமோ என்று பார்த்தான். இல்லை.

அழிக்கவா? ஆம்.

சூப் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்ததை முதலிலிருந்து ஓடவிட்டான்.